கடற்பஞ்சும் மன்னர் வண்ணத்துப்பூச்சியும்



இரவு உணவு முடிந்து பிள்ளைகளுடன் அமர்ந்திருக்கும் வேளையில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கடற்பஞ்சு செடியா, பிராணியா?" என்பதே அக்கேள்வி. செடி என்றே பெரும்பாலான பிள்ளைகள் விடை கூறுவர். வாப்பாவும் உம்மாவும்கூடச் சற்றுத் தயங்கவே செய்வர். அடுத்து, "வண்ணத்துப்பூச்சி?" என்று கேளுங்கள். எவருக்கும் ஐயம் எழாது. இறக்கையடித்துப் பறப்பது பிராணியாகத்தானே இருக்க வேண்டும்!

உண்மை யாதெனில், இரண்டுமே பிராணிகள்தாம். கடலின் அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, பிடித்த இடத்தை விட்டு அகலாமல் ஆயுள் முழுவதையும் கழிக்கும் கடற்பஞ்சும், ஒரு பூவிலிருந்து மறு பூவுக்குத் தாவும் வண்ணத்துப்பூச்சியும் விலங்குலகம் என்னும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று அக்குடும்பத்தின் மிக முதிய கிளை. அதன் புதைபடிவங்கள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலும் கிடைக்கின்றன. மற்றொன்று ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது எனக் கணக்கிடப்பட்டுள்ள இளைய கிளை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. ஓடவே தெரியாத உயிர் ஒன்று. ஒரு கண்டத்தையே கடந்து பறக்கத் தெரிந்த உயிர் ஒன்று. இவ்விரண்டில் எது பாதுகாப்பாக வாழ்கிறது? இக்கேள்விக்கு விடை காண, இரண்டிலிருந்தும் ஒவ்வோர் இனத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்வோம். மத்திய தரைக்கடலில் வாழும் குளியல் பஞ்சு ஒன்று. வட அமெரிக்காவின் மன்னர் வண்ணத்துப்பூச்சி மற்றொன்று.

உறுப்புகளே இல்லாத உயிர்

குளியல் பஞ்சை உயிருடன் கண்டால் நமக்கு அடையாளம் தெரியாது. கடைகளில் விற்கப்படும் மஞ்சள் நிறப் பஞ்சு அதன் எலும்புக்கூடு போன்றது. உயிருடன் இருக்கையில் அது கறுத்த தோல் போர்த்திய ஓர் உருண்டை. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, வாய் இல்லை, இரைப்பை இல்லை, இதயம் இல்லை, நரம்பும் மூளையும் இல்லை. பின் எவ்வாறு உண்கிறது? எவ்வாறு சுவாசிக்கிறது?

அதன் உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்துள்ளன. உட்புறத்திலுள்ள சிற்றறைகளில் ஒரு வகை உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் சாட்டை போன்ற ஓர் இழை இருக்கும். இலட்சக்கணக்கான இச்சாட்டைகள் இடைவிடாமல் சுழல்வதால் கடல்நீர் நுண்துளைகள் வழியே உள்ளே இழுக்கப்பட்டு, மேலேயுள்ள பெரிய துளைகள் வழியே வெளியேறுகிறது. உள்ளே வரும் நீரிலிருந்து பாக்டீரியாக்களும் நுண்ணிய உணவுத் துகள்களும் வடிகட்டப்படுகின்றன. உயிர்க்காற்றும் அந்நீரிலிருந்தே கிடைக்கிறது. கழிவும் அந்நீரோடே செல்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரமும் ஒரு சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு சிறிய கடற்பஞ்சு நாளொன்றுக்கு 22 லிட்டருக்கு மேற்பட்ட நீரைத் தன் உடல் வழியே செலுத்துகிறது என்று விலங்கியல் நூல்கள் கூறுகின்றன. இரண்டு குடம் நீரை, ஒரு விரல் அளவேயான உயிர், ஒரே நாளில் வடிகட்டி விடுகிறது!

இதனைச் செடி என்பதா, பிராணி என்பதா என்ற ஐயம் பழங்காலத்திலேயே எழுந்துள்ளது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், தன்னைப் பறிக்க வருவோரை உணர்ந்து கடற்பஞ்சு சுருங்கிக் கொள்ளும் என்று சொல்லப்பட்டதையும், அதனை மறுத்தோர் இருந்ததையும் எழுதி வைத்துள்ளார். போர்வீரர்களின் தலைக்கவசத்திற்குள் அடியின் வேகத்தைத் தணிக்கப் பஞ்சு வைக்கப்பட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். ஐயம் தீர நெடுங்காலம் ஆயிற்று. 1825-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்து நாட்டு ராபர்ட் கிராண்ட் என்பவர் நுண்ணோக்கியின் கீழ் ஓர் உயிருள்ள பஞ்சை வைத்து, அதன் துளையிலிருந்து நீர் பீறிட்டு வருவதைத் தம் கண்ணால் கண்டார். அசையாப் பொருளாகத் தோன்றிய அதனுள்ளே ஓயாத ஓட்டம் இருந்தது!

அரபு மொழியில் இதன் பெயர் 'இஸ்ஃபன்ஜ்'. கிரேக்கச் சொல்லே அவ்வாறு திரிந்து வழங்குகிறது. மத்திய தரைக்கடலின் வடகரையிலும் தென்கரையிலும் ஒரே பொருள் எவ்வளவு காலமாகக் கைமாறி வந்துள்ளது என்பதற்கு இச்சொல்லே சான்று.

அரைக் கிராம் எடையில் ஒரு பயணி

இனி வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். மன்னர் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகளை விரித்தால் சுமார் பத்து சென்டிமீட்டர் இருக்கும். செம்மஞ்சள் நிறம்; அதில் கறுப்பு நரம்புகள்; கறுத்த ஓரத்தில் வெண்புள்ளிகள். எடை ஏறத்தாழ அரைக் கிராம். கடற்பஞ்சுக்கு இல்லாதவை அனைத்தும் இதற்கு உண்டு. ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண் உண்டு. மோப்பம் அறியும் உணர்கொம்பு உண்டு. சுருட்டி வைத்துக்கொள்ளும் உறிஞ்சுகுழல் உண்டு. கால்களால் சுவையறியும் ஆற்றலும் உண்டு. முட்டையிட வந்த தாய்ப்பூச்சி, இலையைக் காலால் தீண்டியே இது தன் பிள்ளைக்கு ஏற்ற உணவுதானா என்று அறிந்து கொள்கிறது.

இலையுதிர்காலம் வந்ததும் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் இப்பூச்சிகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சில பூச்சிகள் 4,000 கிலோமீட்டருக்கு மேலும் பறந்து, மெக்சிகோ நாட்டின் மலைகளை அடைகின்றன. அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஒயாமெல் என்னும் ஊசியிலை மரங்கள் வளர்ந்த காடுகள் உள்ளன. கோடிக்கணக்கான பூச்சிகள் அம்மரங்களில் அடை அடையாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அரைக் கிராம் எடையுள்ள பூச்சிகளின் பாரம் தாங்காமல் கிளைகள் வளைந்து விடுகின்றன என்றால் அவற்றின் தொகையை நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள்.

இதைக் காட்டிலும் வியப்பானது ஒன்று உண்டு. கோடையில் பிறக்கும் மன்னர் பூச்சி இரண்டு முதல் ஆறு வாரங்களே உயிர்வாழும். இலையுதிர்காலத்தில் தெற்கே பறக்கும் தலைமுறை மட்டும் எட்டு அல்லது ஒன்பது மாதங்கள் வாழ்கிறது. வசந்தம் வந்ததும் அது மெக்சிகோவிலிருந்து வடக்கே திரும்பி, டெக்ஸாஸ் மாநிலப் பகுதிகளில் முட்டையிட்டு மடிகிறது. அதன் பிள்ளைகள் மேலும் வடக்கே செல்கின்றன. பேரப்பிள்ளைகள் இன்னும் வடக்கே. ஆண்டின் இறுதியில் மீண்டும் தெற்கே புறப்படுவது மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை. அந்த மலையை அவை கண்டதில்லை. வழிகாட்ட முதியவர் எவரும் உடன் வருவதும் இல்லை. ஆயினும் பாட்டனாரின் பெற்றோர் தங்கிய அதே மலைக்கு அவை சென்று சேர்கின்றன! சூரியனின் நிலையைப் பார்த்துத் திசையறிகின்றன என்றும், சூரியன் நகர்வதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்தும் கடிகாரம் அவற்றின் உணர்கொம்புகளில் உள்ளது என்றும் 2009-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

தலைகீழான பிள்ளைப்பருவம்

பார்த்தீர்களா, இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் இவற்றின் பிள்ளைப்பருவத்தைப் பாருங்கள். அங்கே கதை தலைகீழாக இருக்கிறது.

கடற்பஞ்சின் குஞ்சு, நீந்தும். ஆம்! ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுடைய அந்த இளவுயிரி, உடலின் மீதுள்ள நுண்மயிர்களைத் துடுப்பாகக் கொண்டு தாயின் உடலிலிருந்து வெளியேறி நீந்துகிறது. அதன் வாழ்வில் பயணம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தச் சில மணி நேரம் அல்லது ஓரிரு நாள் மட்டுமே. அதற்குள் தனக்கேற்ற பாறையொன்றைக் கண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின் உடலை மாற்றியமைத்துக் கொண்டு, நீந்தும் வாழ்வைத் துறந்து விடுகிறது. தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடமாயின் நீண்ட வாழ்வு. தவறான இடமாயின் திருத்திக்கொள்ள வழியில்லை.

வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையோ புழு. அது பிறந்த செடியை விட்டு அதிக தூரம் செல்வதில்லை. இலையைத் தின்பதும் தோலை உரிப்பதும் மீண்டும் தின்பதுமே அதன் தொழில். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அதன் எடை இரண்டாயிரம் மடங்கு பெருகுகிறது. பின்னர் பச்சை நிறத்தில் பொன்புள்ளிகள் பதித்தாற்போன்ற ஒரு கூட்டுக்குள் அடங்கி, பத்து அல்லது பதினைந்து நாள்களில் இறக்கையுடன் வெளிவருகிறது.

ஆகவே, ஒன்று இளமையில் அலைந்து முதுமையில் அமர்கிறது. மற்றொன்று இளமையில் அமர்ந்து முதுமையில் அலைகிறது.

சிதைந்து சேர்வதும் கரைந்து எழுவதும்

இன்னோர் ஒப்புமையையும் காண்போம். 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க விலங்கியல் அறிஞர் வில்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். உயிருள்ள ஒரு செந்நிறக் கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் வைத்து நீருக்குள் பிழிந்தார். துணியின் துளைகள் வழியே அப்பிராணி தனித்தனி உயிரணுக்களாகச் சிதறி நீரில் விழுந்தது. வேறெந்தப் பிராணியாக இருந்தாலும் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் சிதறிய அணுக்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. சிறு சிறு கட்டிகளாயின. நாள்கள் செல்ல அக்கட்டிகள் மீண்டும் நீரை இறைக்கும் முழுமையான கடற்பஞ்சுகளாயின!

வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்குள் நடப்பதும் இதற்குக் குறைந்ததன்று. புழுவின் உடலில் பெரும்பகுதி உள்ளேயே கரைகிறது. ஆனால் புழுவாக இருந்தபோதே உள்ளே உறங்கிக் கிடந்த சில அணுத்தொகுதிகள் அப்போது விழித்துக்கொள்கின்றன. ஒரு தொகுதி இறக்கையாகிறது, ஒன்று காலாகிறது, ஒன்று கண்ணாகிறது. கரைந்த பழைய உடலே புதிய உடலுக்கு உணவாகிறது.

சிதைவு என்று நாம் கருதும் ஒன்றிலிருந்து மீண்டெழும் ஆற்றல் இரண்டுக்கும் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கடற்பஞ்சு சிதைந்து மீண்டும் முன்பிருந்ததாகவே ஆகிறது. வண்ணத்துப்பூச்சியோ கரைந்து முன்பு இல்லாத ஒன்றாக ஆகிறது.

நஞ்சே காவல்

கடற்பஞ்சால் ஓட முடியாது. மன்னர் பூச்சியோ பளிச்சென்ற நிறத்தால் எவர் கண்ணிலும் படும். இரண்டையும் பகைவரிடமிருந்து காப்பது எது? நஞ்சு!

பல கடற்பஞ்சுகள் தம் உடலிலும், தம்முள் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் துணையாலும் கசப்பும் நச்சுத்தன்மையும் உள்ள பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றைக் கடித்துப் பார்த்த மீன் மறுமுறை வருவதில்லை. அந்த நஞ்சிலிருந்து மனிதனுக்கு மருந்து பிறந்ததுதான் விந்தை. 1950களில் கரீபியன் கடலின் ஒரு பஞ்சிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள்களின் அமைப்பைப் பின்பற்றியே, இரத்தப் புற்றுநோய்க்கு இன்றளவும் தரப்படும் சைட்டராபின் என்னும் மருந்து உருவாயிற்று. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் 1980களில் கண்டறியப்பட்ட பொருளைப் பின்பற்றி உருவான எரிபுலின் என்னும் மருந்து, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்காக 2010-இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அசையாமல் கிடக்கும் ஓர் உயிர், எத்தனை இல்லங்களில் தாய்மார்களின் ஆயுளை நீட்டித்துள்ளது என்று எண்ணிப் பாருங்கள்.

மன்னர் பூச்சி தானே நஞ்சு செய்வதில்லை, கடன் வாங்குகிறது. அதன் புழு உண்பது ஒரே இனச் செடிகளைத்தான். உடைத்தால் பால் வடியும் அச்செடிகள், நம் ஊர்ப் புறங்களில் வளரும் எருக்கின் உறவினங்கள். அப்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. புழு அதனைத் தின்று தன் உடலில் சேமித்து, இறக்கை முளைத்த பின்னும் வைத்துக்கொள்கிறது. உண்ட பறவை வாந்தியெடுத்து, அதன்பின் அந்நிறத்தைக் கண்டாலே விலகிப் போகிறது.

இதே வழக்கத்தை நீங்கள் உங்கள் ஊரிலேயே காணலாம். எருக்கஞ்செடியின் அருகே செம்மஞ்சள் நிறத்தில் நிதானமாகப் பறக்கும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி, மன்னர் பூச்சிக்கு மிக நெருங்கிய உறவு. அதன் புழுவும் எருக்கிலையைத் தின்றே நஞ்சைச் சேமிக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆனால் எருக்கம்பால் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதன் தேடிச் சென்ற கதை

இனி மனிதன் இவ்விரண்டையும் நாடிச் சென்ற வரலாற்றைப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டின் காலிம்னோஸ், சிமி ஆகிய தீவுகளில் விளைநிலம் மிகக் குறைவு. ஆண்கள் கடற்பஞ்சு எடுக்கப் புறப்பட்டு, எகிப்து, லிபியா, துனீசியா கரைகள்வரை சென்று பல மாதங்கள் கழித்தே வீடு திரும்புவர். தட்டையான கனத்த கல் ஒன்றைக் கையில் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்குவது பழைய முறை. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லின் துணையால்தான் ஆழம் சென்றனர் என்பது நினைவுக்கு வரும்.

1860களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட முக்குளிப்பு உடை வந்தது. அதிக ஆழம் செல்லலாம், அதிக நேரம் இருக்கலாம், அதிகம் அறுக்கலாம். ஆனால் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த காற்று குமிழிகளாகி நரம்புகளைத் தாக்கும் என்பதை அன்று அவர்கள் அறியவில்லை. இளைஞர் பலர் மாண்டனர். பலர் கால் விளங்காமல் வீடு திரும்பினர். காலிம்னோஸில் இன்றும் ஒரு நடனம் உண்டு. முன்னே ஆடுபவர் கையில் தடியுடன், கால் நடுங்கி, நிற்க முயன்று தடுமாறுவதாக நடிப்பார். முடங்கிப்போன முக்குளிப்போரின் நினைவே அந்நடனம். பஞ்சு வணிகம் ஊருக்குச் செல்வம் தந்தது. அச்செல்வத்தின் விலையை முக்குளிப்போரின் வீடுகள் கொடுத்தன.

1900-ஆம் ஆண்டில் சிமி தீவின் பஞ்செடுப்போர் ஆண்டிகித்தேரா என்னும் தீவருகே ஒதுங்கியபோது, கடலடியில் பழங்காலக் கப்பல் ஒன்றைக் கண்டனர். அதிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றே, கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பற்சக்கரக் கருவி. ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதனைக் காணலாம். அக்கப்பலில் பணியாற்றிய முக்குளிப்போருள் ஒருவர் இறந்தார், இருவர் முடமாயினர்.

மன்னர் பூச்சியைத் தேடிய கதை வேறு விதம். கனடாவின் ஃபிரெட் அர்குஹார்ட், அவர் துணைவியார் நோரா ஆகிய இருவரும் இப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன என்று அறியப் பல பத்தாண்டுகள் உழைத்தனர். இறக்கையில் சின்னஞ்சிறு காகிதச் சீட்டை ஒட்டிப் பறக்கவிட்டனர். சீட்டு ஒட்ட ஆயிரக்கணக்கான பொதுமக்கள் உதவினர். 1975-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள், அவர்களுக்காகத் தேடி அலைந்த கென் பிரக்கர், கேட்டலினா அகுவாடோ தம்பதியர் மெக்சிகோ மலைக்காட்டில் அந்தப் புகலிடத்தைக் கண்டனர். மலையடிவார மக்களுக்கு அது புதிதன்று. ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில் பூச்சிகள் வருவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். எங்கிருந்து வருகின்றன என்பதே எவரும் அறியாதது. 1976 ஜனவரியில் அர்குஹார்ட் அம்மலைக்குச் சென்றபோது, பூச்சிகளின் பாரத்தால் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த பூச்சிகளுள் ஒன்றின் இறக்கையில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒட்டப்பட்ட சீட்டு இருந்தது! அரை வாழ்நாள் தேடலுக்கு அந்தச் சிறு காகிதமே விடையாயிற்று.

எது பாதுகாப்பு?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். இருந்த இடத்திலேயே இருப்பது பாதுகாப்பா? இடம்விட்டு இடம் செல்வது பாதுகாப்பா?

நெடுங்காலம் இரண்டுமே பாதுகாப்பாகத்தான் இருந்தன. சீனக் கடற்பகுதியின் ஆழத்தில் வாழ்ந்த ஒரு கண்ணாடிப் பஞ்சின் வயது ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் என 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அசையாமை அதற்குக் குறையாக இருக்கவில்லை. மன்னர் பூச்சிக்கோ, குளிர் வந்தால் தெற்கே, வெயில் வந்தால் வடக்கே என்று பறப்பதே உயிர்காப்பாக இருந்தது.

நிலைமை மாறியது. மத்திய தரைக்கடலின் குளியல் பஞ்சுகள் அளவுக்கு மீறி அறுவடை செய்யப்பட்டன. அடியை விட்டு மேலே அறுத்தால் மீண்டும் வளரும். பேராசை அடியோடு பிடுங்கியது. 1986-ஆம் ஆண்டு முதல் கொள்ளைநோய் ஒன்று பரவி, பஞ்சுப் படுகைகளைப் பாழாக்கியது. 1999-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி நீண்ட நாள் அவ்வாறே நிலைத்ததால், பிரான்ஸ், இத்தாலி கரைகளில் கடற்பஞ்சுகள் திரளாக மடிந்தன. மீன் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்திற்குச் செல்லும். கடற்பஞ்சு எங்கே செல்லும்? அது இடத்தைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைப்பருவத்தில். அந்த இடம் நெருப்பாக மாறும் என்று அதற்கு எவரும் சொல்லவில்லை.

அப்படியானால் பறக்கத் தெரிந்தது தப்பித்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. மெக்சிகோ காடுகளில் மன்னர் பூச்சிகள் அடைந்திருந்த பரப்பு, 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2013-14-இல் அது 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. 2023-24-இல் 0.90 ஹெக்டேர். 2024-25-இல் 1.79 ஹெக்டேர் என்று சற்றே மீண்டது. காரணம் ஒன்றல்ல. அமெரிக்க வயல்களில் களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவும் சோளமும் 1996 முதல் பரவியபின், தெளிக்கப்பட்ட மருந்தில் பால்செடிகள் அழிந்தன. பால்செடி இல்லையெனில் புழு இல்லை. மெக்சிகோவில் மரங்கள் வெட்டப்பட்டன. அம்மரங்கள் பூச்சிகளுக்கு மழையில் குடையாகவும் குளிரில் போர்வையாகவும் இருந்தவை. 2002 ஜனவரியில் மழையும் உறைபனியும் அடுத்தடுத்துத் தாக்கியபோது, பெரிய புகலிடங்களில் பூச்சிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே முறையில் மடிந்து தரையில் குவிந்தன.

இந்த இனம் உலகில் வேறு சில இடங்களிலும் வாழ்வதால், பூச்சியே இல்லாமற் போய்விடும் என்று நாம் கூறவில்லை. மறையக்கூடியது அந்தப் பயணம். தாயும் தந்தையும் கற்றுத் தராமலேயே தலைமுறைகள் காத்துவந்த வழி அது. ஒரு முறை அறுந்தால் அதனை மீண்டும் முடிந்துதர எவராலும் இயலாது.

ஆக, விடை இதுதான். அசையாத உயிருக்கு அதன் இடம் ஒன்றே உலகம். அந்த இடம் கெட்டால் முடிந்தது. பறக்கும் உயிருக்கு வழி முழுவதும் உலகம். வழியில் ஓரிடம் கெட்டாலும் முடிந்தது. கனடாவில் பூ வேண்டும். டெக்ஸாஸில் பால்செடி வேண்டும். மெக்சிகோவில் மரம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறக்கையால் பயனில்லை. ஓடத் தெரிந்ததால் அது நம்மைவிட்டுத் தப்பிவிடவில்லை. பலருடைய கைகளில் அது சிக்கிக்கொண்டது என்பதே உண்மை.

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. மெக்சிகோ அரசு 1986-லேயே அந்த மலைகளுக்குப் பாதுகாப்பு அறிவித்து, 2000-இல் அதனை விரிவாக்கியது. 2008-இல் அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் இல்லத்தரசிகளும் பள்ளிப் பிள்ளைகளும் தோட்டங்களில் பால்செடி நட்டு வளர்க்கின்றனர். ஒரு கண்டத்தைக் கடக்கும் பயணியைக் காக்க, ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு செடி போதுமான தொடக்கமாக இருக்கிறது.

நம் வீட்டிலும் இதற்கோர் இடம் உண்டு. கொல்லை வேலி ஓரத்தில் எருக்கு முளைத்திருந்தால், பிள்ளைகள் தொடாத மூலையாயின் ஒரு செடியையேனும் விட்டு வையுங்கள். வெந்தய வரியனின் பிள்ளைகளுக்கு அதுவே தொட்டில். கடற்கரை ஊர்களில் வாழும் சகோதரர்களே! சங்கு குளிப்போரிடமும் மீனவரிடமும் கேட்டுப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் அடியிலும் கடற்பஞ்சுகள் பல நிறங்களில் நீரை வடிகட்டிக்கொண்டு இருக்கின்றன. நாம் கடலில் கொட்டும் சாக்கடையும் எண்ணெயும் முதலில் சென்று சேர்வது அவற்றின் உடலுக்குள்தான். அவை விலகிச் செல்லா. விலக வேண்டியது நம் கைதான்.

இன்றிரவு பிள்ளைகளிடம் முதற் கேள்வியைக் கேட்ட பின், இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். "இவ்விரண்டில் நம் உதவி எதற்கு அதிகம் தேவை?" அவர்கள் என்ன விடை சொல்கிறார்கள் என்று எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மற்றொரு செய்தியுடன் சந்திப்போம்.